பாட்டுப் பெட்டி வாங்கும் முன்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் கம்பெனி பஸ்களில் பாட்டும் படமும் இப்போது போனில்தான். ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பையில் போடலாம் என்று 2001இல் 5 ஜிபியுடன் வந்த ஐபாட் வரிசை, 2022 மே மாதம் விடைபெற்றது. அதற்கு 3 ஆண்டுகள் முன்பே ஃபாக்ஸ்கான் நிறுவனம் இதே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் எக்ஸ்ஆர் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

பக்கத்தில் தயாரானது என்பது பெருமைதான். ஆனால் அந்த போனில் ஒயர் இயர்போன் செருகும் துளையும் இல்லை, மெமரி கார்டு போடவும் வழியில்லை. பாட்டுப் பிரியர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

4 நிமிடப் பாடல், 128 கேபிபிஎஸ் எம்பி3யாக இருந்தால், சுமார் 4 எம்பி. 32 ஜிபி கார்டில் ஏழாயிரத்துக்கும் மேல் அடங்கும். தரம் குறையாத ஃபிளாக் கோப்புகள் பல மடங்கு இடம் பிடிக்கும். மலிவுக் கார்டுகளில் போலிகளும் உண்டு. வாங்கியதும் முழுக் கொள்ளளவுக்கும் கோப்புகளை நிரப்பிச் சோதிப்பது அவசியம்.

படம் பார்க்கப் பெரிய திரை தேவை. அதற்கு போனே சரி. பாட்டு மட்டும் போதுமென்றால் பட்டன் வைத்த சின்ன எம்பி3 பிளேயர் இன்றும் நல்ல தேர்வு: போனின் சார்ஜ் வீட்டுக்குப் பேச மிஞ்சும்.

பஸ் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டாதீர்கள். காதை அடைக்கும் சிலிகான் முனை உள்ள இயர்போனை வாங்குங்கள். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.