மீனுக்கு மருந்து தண்ணீரே

காஞ்சீபுரத்துப் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணீரே காரணம் என்று அவ்வூர் நெசவாளர் பெருமையுடன் சொல்வதுண்டு. தண்ணீரின் குணம் அறியாமல் நல்ல சாயம் ஏற்ற முடியாது. பட்டுக்கு உள்ள இவ்விதி, கண்ணாடித் தொட்டியில் நாம் வளர்க்கும் மீனுக்கும் உண்டு. மீன் சோர்ந்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடுகிறோமே தவிர, அது வாழும் தண்ணீரை யாரும் பரீட்சிப்பதில்லை.

பெரிய கெளுத்தி மீன்களின் விஷயத்தில் இத்தவறு மிகவும் கொடியது. விரல் நீளத்தில் வாங்கி வரும் செவ்வால் கெளுத்தி மூன்று நான்கு அடி வளரக்கூடிய தென்னமெரிக்க ஜாதி. அது தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். அக்கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டி சிறிதானால், அல்லது வடிகட்டியை நாம் அளவுக்கு மீறிக் கழுவினால், இவ்வேலை தடைப்படும். மீன் மேற்பரப்பில் வந்து மூச்சுத் திணறும், செவுள் நிறம் மாறும், இரையைத் தீண்டாது.

அப்போது செய்ய வேண்டியவை எளியவை. முதலில் இரண்டு நாள் இரையை நிறுத்துக. தினந்தோறும் தொட்டியில் நாலில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுக. முழுவதையும் ஒரே நாளில் மாற்றுதல் ஆபத்து. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமாதலால், அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்தோ, புகைப்படக்காரர் பயன்படுத்தும் ஹைப்போவைச் சிறிது சேர்த்தோ அதை நீக்குக. வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுக. கோடையில் வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். ஆகவே காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓட வேண்டும்.

கெளுத்திக்குச் செதில் இல்லை. ஆதலால் மயில்துத்தம் முதலிய கடும் மருந்துகள் அதன் உடலை எளிதில் வாட்டும். பிற மீன்களுக்குரிய அளவை இதற்குக் கொடுத்தலாகாது. சாதாரண உப்போவெனில் அளவோடு நன்மை செய்வது. அமெரிக்காவின் கெளுத்திப் பண்ணைகளில், நைட்ரைட்டால் மீனின் இரத்தம் பழுப்பாகும் வியாதியைத் தடுக்க உப்பையே குளத்தில் கரைக்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்குப் பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்புப் போதும். தனியே கரைத்து மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பொறுமையில்லாத சிலர், வளர்ந்துவிட்ட மீனையோ நோயுற்ற மீனையோ கோயில் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடுகிறார்கள். இது ஜீவகாருண்யம் அன்று. கண்ணாடித் தொட்டிகளிலிருந்து தப்பிய தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, நம் சுதேச மீன்களின் இடத்தைப் பிடித்து வருகிறது. அசுத்த நீரிலும் காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதை இந்திய அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் தடை செய்ததும் இக்காரணம் பற்றியே.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸில் அத்தி வரதர் ஜலவாசம் செய்கிறார். 1979, 2019 என நாற்பது ஆண்டுக்கு ஒரு முறையே வெளிவருபவர் அவர். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை தரிசனம் தந்தார். அவரை வெளியே எடுப்பதற்காக அக்குளத்து நீரை இறைத்தபோது, அங்கிருந்த மீன்களைக் கொல்லாமல் பக்கத்துக் குளத்திற்கு மாற்றினார்கள். மீன்களிடம் ஊரார் காட்டிய அந்தப் பரிவு ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும். பெரிய மீனை வைத்துக்கொள்ள இயலாதவர், பெரிய தொட்டி உள்ள அன்பரிடமோ கடைக்காரரிடமோ அதைச் சேர்ப்பிக்கலாம். தொட்டி நம்முடையது, குளமோ ஊராருடையது.