கண்மாய்க்குள் நிற்கும் கருவை யார் கணக்கு?

சீமைக்கருவையை வெட்டச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுத்தால், "அது எங்க கண்மாய் இல்லீங்க, பொதுப்பணித் துறைக் கண்மாய்" என்று பதில் வரும். பொதுப்பணித் துறைக்குப் போனால், மனுவில் சொல்லியிருக்கும் வரத்து வாய்க்கால் வருவாய்த் துறைப் புறம்போக்கு என்பார்கள். கரையை ஒட்டிய ரோட்டோரம் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அதற்கு அடுத்த தரிசு, திருச்சியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவருடைய பட்டா. இந்த நான்கு இடத்திலிருந்தும் விதை வந்து விழுவது ஐந்தாவதாக நிற்கும் உங்கள் கடலைக் கொல்லையில்.

களை ஒழிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் செடியிலிருந்து தொடங்குவார்கள். நிலத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். எந்தச் சர்வே எண்ணில் அது நிற்கிறது, அந்த எண் யார் பொறுப்பு என்பது தெரியாமல் கொடுக்கிற மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

உதாரணத்துக்கு, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டத்து ஆவூரைப் பெரியநாயகி மாதா ஆலயத்தை வைத்து வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். விவசாயிக்கு அது ஐப்பசி, கார்த்திகை மழையையும் கண்மாயையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பிய பூமி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. காவிரித் தண்ணீர் எட்டாத ஊர்களுக்கு அவைதான் ஆதாரம். அவற்றில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நின்றால் அந்த வருஷ நெல் போயிற்று.

சீமைக்கருவை மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். காமராஜர் ஆட்சியில்தான் வந்தது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் 1877-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு விதை வந்துவிட்டது. விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக அரசே பிற்பாடு அதைப் பரப்பியதும் உண்மை. ஏழை வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டு இன்றும் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்தப் பக்கத்தையும் சொல்லாமல் இந்த மரத்தைத் திட்டுவது நியாயமில்லை.

அதே சமயம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளையும் ஒதுக்கிவைக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும், ஆக்சிஜன் விடாது, அதில் கட்டிய மாடு மலடாகும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. நிஜமான கெடுதல்களே போதும். வேர் வெகு ஆழம் போகும். கோடையிலும் பசுமையாக நின்று மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கண்மாய்க்குள் நெருக்கமாக வளர்ந்தால் வண்டல் அங்கேயே தங்கி நீர்ப்பிடிப்பு குறையும். மற்றச் செடிகளை அடியில் முளைக்க விடாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும்.

இந்த மரத்துக்கு ஒரு நீதிமன்ற வரலாறும் உண்டு. வைகோ தொடுத்த பொதுநல வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தன் எல்லைக்குட்பட்ட தென்மாவட்டங்களில் சீமைக்கருவையை அகற்ற உத்தரவிட்டது. புதுக்கோட்டையும் அதில் அடங்கும். 2017-இன் தொடக்கத்தில் ஊர் ஊராக ஜேசிபி ஓடியது இதனால்தான். அறிவியல் ஆய்வு இல்லாமல் மொத்தமாக வெட்டக் கூடாது என்ற எதிர் வழக்கில் அதே ஆண்டு இடைக்காலத் தடை வந்தது. பிறகு வேலை தொடர்ந்தது. 2022-இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. காடுகளில் அதன் பலன் கொஞ்சம் தெரிகிறது. நீலகிரிக் காட்டில் அகற்றும் மஞ்சள் கொன்னை மரங்களைக் காகிதக் கூழுக்கு அனுப்பும் ஏற்பாடு அப்படி ஒன்று. கொள்கை காட்டுக்கு வேகமாகவும் கண்மாய்க்கு மெதுவாகவும் போய்ச் சேருகிறது.

இனி உங்கள் கையில் இருக்கிறதைப் பார்ப்போம். பொதுவான கணக்கு இது: ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் நூறு ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும் (பழக்கத்தில் நாம் பொதுப்பணித் துறை என்போம்). அதற்குக் கீழுள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்க்கலாம். அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அது புறம்போக்கா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். சர்வே எண், உட்பிரிவு எண், ஒரு படம் ஆகியவற்றோடு போகும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மனுவைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இன்னும் பொருத்தம், ஏனென்றால் ஒன்றையொன்று கைகாட்டும் துறைகள் எல்லாம் அன்று ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. நடவடிக்கை என்ன என்று தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "இந்தக் கண்மாயின் மரங்கள் கடைசியாக எப்போது ஏலம் போயின, எவ்வளவுக்கு, என்ன நிபந்தனையில்?" என்ற ஒரு கேள்வி போதும், பல கதைகள் வெளியே வரும்.

ஏலத்தில்தான் ஊர் ஏமாறுகிறது. எடுத்தவர் விறகுக்கு விலை போகும் தடியை மட்டும் அறுத்துக்கொண்டு போவார். தூர் அப்படியே கிடக்கும். அடுத்த மழைக்கு முன்னிலும் அடர்த்தியாக வரும். மூன்று நான்கு வருஷத்தில் மறுபடி ஏலம். இது களை ஒழிப்பு அல்ல, கருவை விவசாயம். ஏல நிபந்தனையில் "தூரோடும் வேரோடும்" என்ற சொற்கள் இருக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கரையில் தூர் பறித்த குழிகளை மண் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்தும் பொறுப்பும் ஏலம் எடுத்தவருக்கே. அந்தக் குழி வழியாகத்தான் கண்மாய் நிறையும்போது கரை கசியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு இப்போது மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெட்ட ஏற்ற காலம் பங்குனி முதல் ஆடி வரை, கண்மாய் காய்ந்திருக்கும்போது. வெட்டுகிறவருக்கு நாட்டுக்கருவையையும் சீமைக்கருவையையும் பிரித்துக் காட்டிவிட வேண்டும். நாட்டுக்கருவைப் பூ மஞ்சள் உருண்டை; காய் மணி கோத்தாற்போல் இடுக்கு இடுக்காக இருக்கும். சீமைக்கருவைப் பூ நீளக் கதிர். காய் பழுத்தால் மஞ்சளாகிச் சதைப்பற்றோடு இனிக்கும். அவசரத்தில் நாட்டுக்கருவையையும் சேர்த்துச் சாய்த்த கண்மாய்கள் உண்டு. இன்னொன்று, விராலிமலை மயிலுக்குப் பேர் போன ஊர். மயிலும் மற்றப் பறவைகளும் இந்தப் புதரில்தான் ஒண்டுகின்றன. கூட்டையும் முட்டையையும் அழிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்த மரத்தை விட்டுவைக்க வேண்டும்.

பக்கத்துத் தரிசுக்காரர் பட்டாவில் வளர்ந்து உங்கள் வயலுக்கு விதை அனுப்பினால்? முதலில் பேசிப் பாருங்கள். பல பேர் "வெட்டி விறகை எடுத்துக்கிருங்க" என்றே சொல்லிவிடுவார்கள். சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வெட்டுங்கள். பொதுவழியையோ பொது நீர்வழியையோ புதர் அடைத்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி இடையூறை அகற்றச் சொல்லி உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. விராலிமலை வட்டத்தாருக்கு இலுப்பூர்க் கோட்டாட்சியர். தனியார் நிலக் களைக்கு நேரான சட்டமும் இருக்கிறது, நூறு வயதைத் தாண்டியது: 1919-ஆம் ஆண்டு சென்னை விவசாயப் பூச்சி, நோய்கள் சட்டம். தீங்கான களைகளையும் அது உள்ளடக்குகிறது. அரசு ஒரு களையை ஒரு வட்டாரத்துக்கு அறிவிக்கை செய்தால், அதை அழிப்பது நிலத்தை வைத்திருப்பவரின் கடமை ஆகிவிடும். செய்யாவிட்டால் அதிகாரிகள் அழித்துச் செலவை அவரிடமே வசூலிக்கலாம். அறிவிக்கை இல்லாமல் சட்டம் தூங்கும். கர்நாடகம் தன் சட்டத்தில் 1975-இலேயே பார்த்தீனியத்தை அப்படி அறிவித்தது. குறைதீர் கூட்டத்தில் விவசாயிகள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. ஏனோ யாரும் கேட்பதில்லை.

பார்த்தீனியம் வேறு வகை ஆபத்து. கேரட் இலைபோல் இலை, வெள்ளைப் பொடிப் பூ. பள்ளி மைதானம், குப்பைமேடு, வீட்டுத் தோட்டம் என்று மனிதர் புழங்கும் இடமாகப் பார்த்து வரும். 1955-இல் புனேயில் முதலில் கண்ணில் பட்டது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அதிலுள்ள பார்த்தெனின் என்ற நச்சு சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பும் புண்ணும் கொண்டுவரும். மகரந்தம் மூக்கடைப்பையும் ஆஸ்துமாவையும் கிளறும். வெயில் படுகிற கழுத்து, முகம், முழங்கையில் கருத்துத் தடித்து, வருஷா வருஷம் அதே பருவத்தில் வந்தால் கடை மருந்து வாங்கித் தடவாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கலாம். ஊராட்சி வேலைக்கு வரும் பெண்களை இந்தச் செடியை வெறுங்கையால் பிடுங்க விடுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கையுறையும் முகத்துணியும் கொடுத்தால்தான் பிடுங்குவோம் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கி எருக்குழியில் போடலாம். பூத்துவிட்டால் குழிக்குப் போகக் கூடாது. சாக்கில் கட்டி ஒதுக்குங்கள். பயிர் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து வெயிலில் தெளித்தால் காய்ந்துவிடும். வயலிலும் தோட்டத்திலும் இது வேண்டாம், மண் உவராகும். மழைக்காலத்தில் இலையை அரித்துத் தின்னும் சிறு மெக்சிகோ வண்டைப் பார்த்தால் அங்கே எதையும் தெளிக்காதீர்கள். இதற்காகவே 1980-களில் பெங்களூருக்குக் கொண்டுவந்து விட்ட வண்டு அது. பூச்சியால் களை ஒழியுமா என்று சிரிப்பவர்களுக்கு, தென்மாவட்டங்களில் காடாகக் கிடந்த சப்பாத்திக்கள்ளி எங்கே போயிற்று என்று வயதானவர்கள் சொல்வார்கள். 1926-இல் விட்ட ஒரு மாவுப்பூச்சி அதைத் தீர்த்துக்கட்டியது.

மருந்துக் கடைக்குப் போனால் எச்சரிக்கை. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. கடைக்காரர் அதைச் சொல்லாமல் கேனைத் தூக்கிக் கொடுத்தால் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. 2,4-டி காற்றில் பறந்து பக்கத்துப் பருத்தியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். நஷ்ட ஈடு கேட்டு வாசலில் வந்து நிற்பது உங்கள் பங்காளியாகவே இருக்கலாம். எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கடினம். என்ன களைக்கு என்ன அளவு என்பதற்கு வம்பன் வேளாண் அறிவியல் நிலையமும், 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டரும் இருக்கின்றன.

களை வயலுக்குள் வரும் வழிகளில் காற்றைவிட நாமே அதிகம். கண்மாய் வண்டல் அடிக்க வட்டாட்சியர் அனுமதி தருகிறார். நல்ல திட்டம், ஆனால் கருவைக் காட்டுக்குள் தோண்டிய வண்டலில் விதையும் சேர்ந்தே வரும். அதை வரப்போரம் குவித்து ஒரு மழைக்கு முளைக்கவிட்டு, முளைத்ததைக் கொத்திவிட்டுப் பரப்புங்கள். ஆட்டுக்கிடையும் அப்படித்தான். கருவைக்காய் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாவதில்லை, முளைக்கத் தயாராகவே விழும். காய் பழுக்கும் மாதங்களில் கண்மாய்க்குள் மேய்ந்த ஆட்டைக் கிடை போட்டால், முதல் உழவுக்குப் பின் சிறுகன்று தெரிகிறதா என்று கொல்லையைச் சுற்றி வாருங்கள். ஒரு சாண் உயரத்தில் கையோடு வரும்; ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை, இரண்டு வருஷம் விட்டால் ஜேசிபி வாடகை.