எட்டோஷாவில் ஒரு நாள்

ஆபிரிக்கக் காடு என்றதும் திறந்த ஜீப்பும், துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியும்தான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் சகோதரிகளே, வாடகைக்கு எடுத்த சாதாரணக் காரில், வழிகாட்டி எவருமின்றி, உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளுமாகத் தாமே ஓட்டிச் சென்று யானையையும் சிங்கத்தையும் பார்த்துவரக்கூடிய இடங்களும் அங்கே உண்டு. நமீபியா நாட்டின் வடக்கிலுள்ள எட்டோஷா தேசியப் பூங்கா அவற்றுள் ஒன்று. நம் நாட்டைப் போலவே அங்கும் வீதியின் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள்.

ஜேர்மனியர் ஆட்சிக் காலத்தில், 1907ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 22,000 சதுர கிலோமீற்றர். இலங்கையில் மூன்றிலொரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்! நடுவே 130 கிலோமீற்றர் நீளத்துக்கு வெண்ணிற உப்புத் தரை. ஆண்டின் பெரும்பகுதி அதில் ஒரு சொட்டு நீரிராது. 2025 செப்டம்பரில் மூண்ட பெருந்தீயில் பூங்காவின் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி எரிந்தது. எனவே போகிறவர்கள் எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று முதலில் கேட்டறிந்துகொள்வது நல்லது.

மே முதல் ஒக்டோபர் வரை அங்கே மழை கிடையாது. எஞ்சியிருக்கும் சில நீர்நிலைகளுக்கு விலங்குகள் வந்தே தீர வேண்டும். அப்படியிருக்க, நாள் முழுதும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுவானேன்? தண்ணீரருகே வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இருங்கள். அரைமணி நேரம் ஒன்றுமே நடக்காது. "எப்ப வாப்பா வரும்?" என்று பிள்ளைகள் நச்சரிக்கும். பிஸ்கட்டைக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதுதான்!

முதலில் மான்கள் வரும். பிறகு வரிக்குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கரையில் நின்று தயங்கும். ஒன்று வெருண்டால் போதும், அத்தனையும் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடும். பின் மீண்டும் வரும். ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால்களை அகல விரித்துத்தான் குனிந்து குடிக்க முடியும். அவ்வளவு உயரத்திலிருந்து தலையைத் தாழ்த்தும்போது இரத்தம் மூளைக்குப் பாய்ந்துவிடாதபடி கழுத்து நரம்புகளில் வால்வுகளும், மூளையடியில் நுண்ணிய இரத்தக் குழாய் வலையும் அமைந்திருக்கின்றன. அப்படிக் குனிந்திருக்கும் வேளைதான் அதற்கு ஆபத்தான வேளை. ஆகவே பலதடவை சுற்றுமுற்றும் பார்த்த பிறகே குனியும்.

யானைக் கூட்டம் வந்தால் மற்றவை ஒதுங்கிவிடும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் நீர் வேண்டும். அந்த மண்ணின் வெண்களியைப் பூசிக்கொண்டு வெள்ளை யானைகளாகவே அவை நிற்பதை நெப்ரவுனி என்னும் நீர்நிலையில் காணலாம்.

இங்கேதான் கவனம் வேண்டும். நல்ல படம் எடுக்கும் ஆசையில் சிலர் காரைக் கொண்டுபோய் யானைகள் வரும் தடத்திலேயே நிறுத்துகிறார்கள். இது பெரும் அநியாயம். குட்டிகளுடன் வெயிலில் நெடுந்தூரம் நடந்து வரும் கூட்டம் தாகத்தோடு தயங்கி நிற்க நேரிடும். அல்லது அதன் கோபம் உங்கள் மீது திரும்பும். யானை தலையை உயர்த்தி, காதுகளை விரித்து உங்களையே நோக்கினால் ஹோர்ன் அடிக்காதீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். அதற்காகவே பின்னால் எப்போதும் வழி விட்டு நிறுத்த வேண்டும்.

காரைவிட்டு இறங்கவே கூடாது. பிள்ளைகள் ஜன்னலால் தலையை நீட்டவும் கூடாது. படுத்திருக்கும் சிங்கத்தை முழங்காலளவு புல்லே மறைத்துவிடும். முகாம்களிலும், வேலியிட்ட மலசலகூடங்களிலும் மட்டுமே இறங்க அனுமதி. ஆகவே ளுஹர் தொழுகைக்கு முகாமொன்றை அடையும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள். நடுவழியிலுள்ள முகாமின் பெயர் ஹலாலி. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்! வேட்டை முடிந்ததை அறிவிக்க ஜேர்மனியர் ஊதிய கொம்பொலியின் பெயர் அது. நமது ஹலாலுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவதே நிம்மதி.

சூரியன் மறையும்போது வாயிற்கதவு மூடப்படும். நேரம் வாயிலிலேயே எழுதப்பட்டிருக்கும். ஹலாலியிலிருந்து ஒகாகுயோ முகாமுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அதிகபட்ச வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர்தான்; அதுவும் சரளைக்கல் பாதை. வழியில் யானை குறுக்கிட்டால் அது போகும்வரை காத்திருக்கவும் வேண்டும். இரண்டரை மணி நேரமாவது கையிலிருக்கப் புறப்படுங்கள்.

இரவில் பிள்ளைகளை உடனே தூங்க வைத்துவிடாதீர்கள். ஒகாகுயோ முகாமின் ஓரத்திலேயே விளக்கொளி பாய்ச்சிய நீர்நிலையொன்று உண்டு. மதிலுக்கு இப்பால் வாங்குகளில் அமர்ந்து பார்க்கலாம். குளிராக இருக்கும், கம்பளிச் சட்டை போட்டு, கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும் என்று சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள். கொம்புக்காக வேட்டையாடப்பட்டு அருகிவரும் கறுப்புக் காண்டாமிருகம் நீர் குடிக்க வருவது அங்கேதான். 2022இல் மட்டும் நமீபியாவில் 87 காண்டாமிருகங்கள் களவாகக் கொல்லப்பட்டன. இருளிலிருந்து தாய் முதலில் வரும். நின்று காற்றை மோப்பம் பிடிக்கும். குட்டி அதன் பின்னங்காலோடு ஒட்டியபடி நிற்கும்.