புட்டியின் கழுத்தில் ஒரு வெள்ளித் தகடு: சான்றை வாசிக்கும் பயிற்சி

வரலாற்றுத் தாளில் ‘சான்று’ என்று கேட்டாலே மாணவர்கள் கல்வெட்டு, ஓலைச்சுவடி என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். விரல் நீள வெள்ளித் தகடும் சான்றுதான். பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் ‘வைன் லேபிள்’ அப்படிப்பட்டது. பினாங்குக்காரர்களுக்கு அதில் ஒரு சொந்தக் கதையும் இருக்கு.

இது எதற்கு?

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வைன் பெரும்பாலும் பீப்பாயில்தான் வந்தது. அதை டிகேண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். எந்தக் குடுவையில் எது என்று தெரியணுமே! அதனால் 1730-கள் தொடங்கி, பெயர் பொறித்த வெள்ளித் தகட்டைச் சங்கிலியில் கோத்துக் குடுவையின் கழுத்தில் மாட்டினார்கள். 1860-இல் வந்த சட்டம், கடைகளில் ஒற்றைப் புட்டியாக வைன் விற்க வழிவிட்டது. காகித லேபிள் பரவியது. வெள்ளித் தகட்டுக்கு வேலை குறைந்தது. பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் கொடி ஏற்றியது இந்தக் காலத்தின் நடுவில்தான்.

முத்திரையை வாசிப்போம்

‘ஸ்டெர்லிங்’ என்றால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. 1790-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தகடுகளுக்கும் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கியது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்:

- நடக்கும் சிங்கம்: ஸ்டெர்லிங் தரம்.
- சிறுத்தைத் தலை: லண்டன். நங்கூரம்: பர்மிங்ஹாம்.
- தனி எழுத்து: சோதித்த ஆண்டு.
- அரசர் அல்லது அரசியின் தலை: வரி கட்டியதற்கு அடையாளம் (1784–1890).
- பெயரின் முதலெழுத்துகள்: செய்தவர். கணவர் இறந்தபின் லண்டனில் பட்டறையை நடத்திய ஹெஸ்டர் பேட்மன், 1761-இல் தன் முத்திரையைப் பதிவு செய்தார்.

சொல் சொல்லும் கதை

மதீரா, போர்ட், கிளாரெட் என்ற பெயர்கள் அடிக்கடி கிடைக்கும். ‘அராக்’ என்ற பெயரும் உண்டு. அதன் மூலம், வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல். சாஸ் புட்டிகளுக்கும் இதே மாதிரி சின்னத் தகடுகள் செய்தார்கள். அவற்றில் ‘சோய்’, ‘கெச்சப்’ என்று பொறித்திருக்கும். கெச்சப், மீன் சாற்றைக் குறித்த ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர்களின் கருத்து. நாம் கடையில் கேட்கிற ‘கிச்சாப்’பும் அதே குடும்பம். ஆங்கிலேயர் மேசையில் ஆசியாவின் வாய்மொழி தொங்கியது!

வாங்குமுன் கவனிக்க

அபூர்வப் பெயருக்கு விலை அதிகம். ஆகவே பழைய பெயரைத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயர் பொறிப்பவர்களும் உண்டு. எழுத்துள்ள இடம் மட்டும் மெலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய கரண்டியை வெட்டியும் போலி செய்வார்கள். அடிக்கடி பாலிஷ் போட்டால் முத்திரையே அழிந்துபோகும், சான்றும் போச்சு. இந்தியாவில் புலிநகத்தில் வெள்ளி கட்டிச் செய்த லேபிள்களும் உண்டு. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புலியின் உறுப்புகளும் பாதுகாக்கப்பட்டவை. அதைத் தொடாதீங்க.

வகுப்பில் கேட்க

1. நங்கூரம், சிங்கம், அரசியின் தலை உள்ள தகடு எந்த ஊரில் சோதிக்கப்பட்டது? 1890-க்கு முந்தியதா, பிந்தியதா? காரணம் கூறுக.
2. ‘கெச்சப்’ தகடு வணிகத் தொடர்புக்கு எவ்வாறு சான்றாகும்? அது எதை நிரூபிக்காது?

இரண்டாம் கேள்வியின் பின்பாதியை விட்டுவிடாதீர்கள். சான்றின் எல்லையைச் சொல்லத் தெரிந்த மாணவரே அதைச் சரியாக வாசித்தவர்.