கூடாரத்தைத் தின்றது, காகிதத்தைத் தாங்குகிறது

இணையத்தில் வாங்கும் காலணி முதல் சமையல் பாத்திரம் வரை எல்லாம் இப்போது அட்டைப்பெட்டியில்தான் வாசலுக்கு வருகின்றன. மாலை மழையில் அந்தப் பெட்டி நனைந்துவிட்டால், தூக்கும்போதே அடிப்பக்கம் பிளந்துவிடும். காகிதத்துக்குப் பலம் தருவது ஏதோ பசை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் மரநார்கள் ஒன்றையொன்று தொட்டபடி காய்வதுதான் அதன் முதல் பலம்.

மரக்கூழை நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய குழல்கள் போன்ற நார்கள் தெரியும். பைன் மரத்தின் நார் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். சுமத்திராவில் காகிதத்துக்காகவே வளர்க்கப்படும் அகேசியா, யூகலிப்டஸ் மரங்களின் நாரோ 1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஈரமான நார்கள் நெருங்கி உலரும்போது, அவற்றிலுள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. தனித்தனியே பார்த்தால் அவை பலவீனமானவை. கணக்கில்லாமல் சேரும்போது அதுவே தாள். நனைந்தால் தண்ணீர் நடுவில் புகுந்து அவற்றை விலக்கிவிடுகிறது. பெட்டி பிளப்பது அதனால்தான்.

ஆக, நார்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பு கூடினால் பலமும் கூடும். இதற்காக ஆலைகளில் வரிவரியாக மேடிட்ட உலோகத் தட்டுகளுக்கு இடையே கூழைச் செலுத்தி அரைக்கிறார்கள். நாரின் மேல்தோல் உரிந்து மெல்லிய இழைகள் சிலிர்த்து நிற்கும். (நன்றாக அரைத்த கூழில் செய்த தாள் அதிகம் சலசலக்கும். ஒலிவாங்கிக்கு முன்னால் தாள் புரட்டும் எங்களுக்கு அந்தச் சத்தம் பரம எதிரி!) ஆனால் இந்த அரைப்பு மின்சாரத்தை விழுங்கும் வேலை.

இங்கேதான் நொதி, அதாவது என்சைம், உதவுகிறது. செல்லுலேஸ் என்ற நொதியைச் சிறிதளவு எடுத்து, வெதுவெதுப்பான கூழில் கலந்து சிறிது நேரம் விட்டால், அது நாரின் மேற்பரப்பைத் தளர்த்திவிடும். அதன்பின் குறைவாக அரைத்தாலே போதும், எதிர்பார்த்த பலம் கிடைத்துவிடும். ஆட்டிறைச்சியைப் பப்பாளிக்காயில் ஊறவைக்கிறோமே, ஏறக்குறைய அதே வித்தை. அங்கும் ஒரு நொதிதான் வேலை செய்கிறது. அளவு மீறினால் இறைச்சி குழைந்துபோவதுபோல, கூழில் நொதி அதிகமானால் நாரே அறுபட ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட தாள் இழுத்தால் தாங்கலாம். ஓரத்தில் சின்னக் கிழிசல் விழுந்தால் சரசரவென்று கிழிந்துவிடும்.

இந்த நொதி வந்த கதை இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் மக்கி உதிர்ந்தன. காரணம் தேடியவர்கள் பல பூஞ்சைகளைச் சேகரித்தார்கள். சாலமன் தீவுகளில் கிடைத்த ஒன்று பருத்தியின் செல்லுலோஸைச் சக்கைப்போடு போட்டுத் தின்றது. அதைத் தடுப்பதுதான் அப்போதைய கவலை. பின்னாளில் எல்வின் ரீஸ், மேரி மாண்டெல்ஸ் போன்ற ஆய்வாளர்கள் அது சுரக்கும் நொதியைப் பயனுக்குக் கொண்டுவரும் வழியைத் தேடினார்கள். 1977இல் ரீஸைச் சிறப்பிக்கும் விதமாக அந்தப் பூஞ்சைக்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். நொதி உற்பத்திக்காக இன்று வளர்க்கப்படும் ரீசி வகைகள் பெரும்பாலும் அந்த ஒரே பூஞ்சையின் வாரிசுகள். ஜீன்ஸ் துணிக்குப் பழசான தோற்றம் கொடுப்பதிலும் செல்லுலேஸுக்குப் பங்கு உண்டு.

நொதியின் உதவி அதிகம் தேவைப்படுவது, என் கணிப்பில், மறுசுழற்சிக் கூழுக்குத்தான். ஒவ்வொரு முறை காயும்போதும் நாரின் நுண்துளைகள் மூடி, அது விறைத்துப் போகிறது. மறுபடி ஊறவைத்தாலும் பழையபடி உப்பாது, பிடிப்பும் குறையும். அதைச் சரிசெய்ய மேலும் அரைத்தால் நார் நொறுங்கித் தூளாகும். தூள் சேர்ந்த கூழிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் வடியும்; இயந்திரத்தின் வேகமும் குறையும். செல்லுலேஸ் முதலில் இந்தத் தூளில்தான் கைவைக்கிறது. தண்ணீர் சீக்கிரம் வடிகிறது, உலர்த்தும் செலவும் குறைகிறது.

அடுத்த முறை பெட்டி வந்தால், ஓரத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிந்த விளிம்பில் பூனை முடிபோல நீட்டிக்கொண்டிருப்பவைதான் அந்த நார்கள். பழுப்புப் பெட்டியின் நார்களில் பல, அதற்கு முன்பும் வேறு பெட்டிகளாக இருந்திருக்கலாம்.