குழந்தை யாருக்கு?

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கம் போயிருக்கிறீர்களா? உறையூர் போய் வந்த பெருமாளுக்குத் தாயார் கதவைச் சாத்திவிடுகிறார். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்ய, ஊடல் அன்றே தீர்கிறது.

நம் வீட்டு ஊடல் கோர்ட்டுக்குப் போய்விட்டால் அவ்வளவு சுலபமா? நடுவில் குழந்தை அல்லவா தவிக்கிறது!

1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஹிந்துக் குழந்தைக்குத் தகப்பனார் கார்டியன்; 'அவருக்குப் பிறகு' தாயார். ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் வளரலாம். கையெழுத்து மட்டும் அப்பாவுடையது. வேடிக்கைதான்!

மகனுக்காகக் கணவருடன் வழக்கிலிருந்த வந்தனா சிவாவும், எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் இதை எதிர்த்தார்கள். 'பிறகு' என்றால் தகப்பனார் இறந்த பிறகு மட்டுமல்ல, அவர் அக்கறையற்று இருந்தாலும் தாயாரே கார்டியன் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

யாரிடம் வளர்வது என்பதிலோ, குழந்தையின் நலமே முக்கியம். விவரம் தெரிந்த பிள்ளையானால் ஜட்ஜ் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். முதல் நாள் இரவே பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், அம்மா!