13-க்கு 13 ஜெயிச்சும் உள்ளே விடல

இன்னைக்கு எபிசோடு அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் பத்தி. ஓடிடாதீங்க! ரூல்ஸ் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம், எனக்கே கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது. ஒரு சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட தோற்காத டீம் ஒன்று, கோப்பைக்கான பிளேஆஃபில் ஆடவே முடியாமல் போன கதை இது. ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி, 2023.

எனக்கு இந்தப் பைத்தியம் வந்தது ஆபீஸ் வழியாகத்தான். எங்க டீமில் அமெரிக்காவிலிருந்து வேலை பார்க்கும் ஒருத்தர் அந்த யுனிவர்சிட்டியில் படித்தவர். திங்கட்கிழமை கால்களில் முதல் ஐந்து நிமிஷம் வேலைப் பேச்சே இருக்காது, சனிக்கிழமை மேட்ச்தான். கேட்டுக் கேட்டு நானும் மாட்டிக்கிட்டேன்.

கதைக்குள் போகும் முன்னாடி ஒரு நிமிஷம் 2024 மே 18, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்குப் போயிட்டு வந்துடலாம். மறந்திருக்க மாட்டீங்க. ஆர்சிபி 218. சிஎஸ்கே ஜெயிக்க 219 வேணும், ஆனால் பிளேஆஃபுக்குப் போக 201 போதும், நெட் ரன் ரேட் பார்த்துக்கும். கடைசி ஓவரில் 17 தேவை. தோனி முதல் பந்தை ஸ்டேடியத்துக்கு வெளியே அனுப்பிட்டு, அடுத்த பந்தில் அவுட். 191-ல் முடிந்தது. நான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. ஆனால் யோசித்துப் பாருங்க, 201 என்கிற நம்பர் நம்ம கண் முன்னாடி இருந்தது. அடிச்சா உள்ளே, அடிக்கலைன்னா வெளியே. யார் மேலயும் கோபப்பட வழியில்ல.

ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு அந்த 201 கிடையாது.

ஏன் கிடையாதுன்னு புரிய, அமைப்பைக் கொஞ்சம் பார்க்கணும். ஐபிஎல்லில் பத்து டீம், ஆளுக்கு 14 ஆட்டம், ஒரு பாயிண்ட்ஸ் டேபிள். காலேஜ் ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவில் 2023-ல் 133 டீம்கள். உடம்பு நொறுங்கும் விளையாட்டு, வாரத்துக்கு ஒரு ஆட்டத்துக்கு மேல் முடியாது, அதனால் ஆளுக்கு 12 ஆட்டம்தான். 133 டீமில் எத்தனை ஜோடி வரும்? 8,778. அதில் பத்தில் ஒரு பங்குகூட நேருக்கு நேர் மோதாது. மீதியெல்லாம் ஊகம். 'அவனை இவன் அடிச்சான், இவனை நாம அடிச்சோம்' என்கிற தெருச்சண்டை லாஜிக்தான் கணக்கு. டீம்கள் கான்ஃபரன்ஸ் என்கிற குழுக்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி சாம்பியன். 2014-லிருந்து 2023 வரைக்கும் பிளேஆஃபுக்கு நாலே இடம். பெரிய கான்ஃபரன்ஸ்கள் ஐந்து. இடம் நாலு, சாம்பியன் ஐந்து. டிசைனிலேயே பக்!

அந்த நாலு பேரைத் தேர்வு செய்வது 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி. காலேஜ்களின் விளையாட்டுத் துறைத் தலைவர்கள், முன்னாள் கோச்சுகள், இப்படி. டெக்சாஸில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து ஆட்டங்களைப் பார்த்து, வாதாடி, ஓட்டுப் போட்டு, சீசனின் கடைசி வாரங்களில் ஒவ்வொரு செவ்வாயும் ரேங்கிங் வெளியிடுவார்கள்.

இப்போ ஃப்ளோரிடா ஸ்டேட். கோச் மைக் நார்வெல், குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ். குவார்ட்டர்பேக்னா பந்து ஒவ்வொரு தடவையும் முதலில் அவர் கையில்தான் வரும், தாக்குதல் முழுக்க அவர் முடிவுதான். முதல் ஆட்டத்திலேயே எல்எஸ்யூ-வை 45-24-ன்னு அடித்தார்கள். க்ளெம்சனில் போய் ஓவர்டைமில் 31-24. அப்படியே நவம்பர் நடுவரை எல்லாமே வெற்றி. நம்ம ஆபீஸ் நண்பர் தரையில் நடக்கவே இல்ல.

நவம்பர் 18. எதிரணி நார்த் அலபாமா, ஒரு படி கீழே உள்ள பிரிவு. சொந்த மைதானம். முதல் குவார்ட்டரிலேயே டிராவிஸ் பந்தோடு ஓடும்போது டாக்கிள் பண்ணாங்க. இடது கால். ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனார்கள். சீசன் முடிந்தது. ஆட்டத்தை 58-13-ன்னு ஜெயித்தார்கள், ஆனால் யாருக்கும் ஸ்கோர் ஞாபகமில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கர். பரம எதிரி ஃப்ளோரிடாவை அவங்க ஊரிலேயே 24-15. ஆனால் அவருக்கும் தலையில் அடி. கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்தது மூன்றாவது ஆள் பிராக் க்ளென், முதல் வருஷப் பையன். லூயிவில் அணியோடு டிசம்பர் 2, நமக்கு ஞாயிறு காலை ஆறரை. நான் காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்த்தேன். சத்தியமா சொல்றேன், அழகான ஆட்டம் இல்ல. க்ளென் 21 தடவை எறிந்தார், 8 போய்ச் சேர்ந்தது, மொத்தம் 55 யார்டு. ஆனால் டிஃபென்ஸ் எதிரணியை ஒரு டச்டவுன்கூடப் போட விடலை. 16-6. சாம்பியன். 13-க்கு 13.

இங்கேதான் கடைசி வாரக் கணக்கு வருது. அந்த வாரம் ரேங்கிங்: ஜார்ஜியா, மிச்சிகன், வாஷிங்டன், ஃப்ளோரிடா ஸ்டேட். நாலு பேருமே தோற்காதவர்கள். நாலு பேரும் ஜெயித்தால் யாருக்கும் பேச்சே இல்லை. மூன்று பேர் ஜெயித்தார்கள். ஜார்ஜியா மட்டும் அலபாமாவிடம் 27-24-ல் விழுந்தது.

இந்த அலபாமா அங்கே இருந்ததே அதிசயம். ஒரு வாரம் முன்னாடி ஆபர்ன் அணியோடு 24-20 பின்தங்கியிருந்தார்கள். ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை, கடைசி வாய்ப்பு, கோட்டுக்கு 31 யார்டு தள்ளி நிற்கிறார்கள். மில்ரோ எறிந்தார், ஓரத்தில் ஐசையா பாண்ட் பிடித்தார், டச்டவுன். அந்தப் பந்து தரையில் விழுந்திருந்தால் அலபாமாவுக்கு இரண்டு தோல்வி, இந்த எபிசோடும் இருந்திருக்காது.

இன்னொரு சிக்கல். அலபாமாவின் ஒரே தோல்வி செப்டம்பரில் டெக்சாஸிடம், அதுவும் சொந்த ஊரில், 34-24. டெக்சாஸுக்கும் ஒரே தோல்விதான், அவங்களும் கான்ஃபரன்ஸ் சாம்பியன். அலபாமாவை உள்ளே எடுத்தால், அதை அடித்த டெக்சாஸை எப்படி விடுவது? ஆக ஒரு நுழைவு இரண்டு இடத்தைப் பிடிக்கும்.

டிசம்பர் 3, நமக்கு ராத்திரி பத்தரைக்கு அறிவிப்பு நிகழ்ச்சி ஆரம்பம். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. ஐந்தாவது, ஃப்ளோரிடா ஸ்டேட். அந்த நாலு இடப் பிளேஆஃப் வந்த பிறகு, பெரிய கான்ஃபரன்ஸில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சாம்பியன் வெளியே நின்றது அதுவே முதல் தடவை. அடுத்த நாள் காலில் நண்பர் கேமராவை ஆன் பண்ணவே இல்ல. நாங்களும் கேக்கல.

கமிட்டித் தலைவர் பூ காரிகன் சொன்ன காரணம் சுருக்கமாக இதுதான்: டிராவிஸ் இல்லாத இந்த டீம், முதல் பதினொரு வாரம் ஆடிய டீம் இல்லை. கமிட்டியின் விதிமுறையிலும் இதற்கு இடம் இருக்கு. முக்கிய வீரர் இல்லாமல் போவது, இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்குமானால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று ஒரு வரி. அதனால் 'திருட்டுத்தனம்'னு கத்துறவங்களோட நான் சேர மாட்டேன். எழுதி வச்ச விதிதான். டிவி கம்பெனி சதின்னு ஒரு தியரியும் ஓடுச்சு. இரண்டு கான்ஃபரன்ஸோடும் அதே இஎஸ்பிஎன்-னுக்கு ஒப்பந்தம் இருக்கும்போது அது எனக்கு ஒட்டல.

என் பிரச்சினை வேற. ரேங்கிங்னா என்ன கேள்விக்கான பதில்? 'இதுவரை யார் அதிகம் சாதித்தார்கள்' என்பது ஒரு கேள்வி. அதற்கு பழைய லாகைப் படித்தால் போதும், எல்லாம் நடந்து முடிந்தது. 'நாளைக்கு மோதினால் யார் ஜெயிப்பார்கள்' என்பது வேறு கேள்வி. அது கணிப்பு. இரண்டுக்கும் தனித்தனி மாடல் வேணும், பதிலும் பல தடவை வேறு வேறாக வரும். கமிட்டி இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டியது. எதற்கு எவ்வளவு எடை என்று முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. 16-6-க்குப் பதில் 40-6 ஜெயித்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா? தெரியாது. அப்போ அந்தப் பசங்க எதைத் துரத்தி ஆடணும்?

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கடுப்பும் உண்டு. ஒரு அப்ரைசலில் என்னிடம் சொன்னார்கள், நீ செஞ்ச வேலையில் குறையே இல்ல, ஆனா அடுத்த வருஷம் அந்த ரோலுக்கு சரிப்படுவியான்னு டவுட்டா இருக்குன்னு. செய்த வேலைக்கு நான் பதில் சொல்ல முடியும். அடுத்த வருஷத்துக்கு நான் என்ன ஆதாரம் காட்டுவேன்? சரி, விடுங்க.

முன்னாடி கம்ப்யூட்டர் முறை இருந்ததே, அது நல்லா இருந்ததான்னு கேப்பீங்க. 1998 முதல் 2013 வரை பிசிஎஸ் என்று ஒன்று. பிற்பாடு அதன் ஃபார்முலாவில் மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களின் ஓட்டு, ஒரு பங்கு ஆறு கம்ப்யூட்டர் ரேங்கிங். எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதை கம்ப்யூட்டர்கள் பார்க்கவே கூடாதுன்னு தடை வேற. ஆறில் ஒரே ஒருவர், வெஸ்லி காலி, தன் முறையை முழுசாக வெளியே வைத்திருந்தார். 2010-ல் அவர் டேட்டாவில் கீழ்ப்பிரிவு ஆட்டம் ஒன்றின் முடிவு விட்டுப்போனதை ஒரு வெளியாள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். திருத்தியதும் 10, 11-வது இடங்கள் மாறின. எல்லாரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அவர்தான் ஹீரோ. மற்ற ஐந்தில் தப்பு இருந்ததா என்று பார்க்க வழியே இல்லையே!

கணிப்பு எவ்வளவு தடுமாறும் என்பதற்கு 2014 ஒன்று போதும். ஒஹாயோ ஸ்டேட், இதே மாதிரி மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ். கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 அடித்து, கடைசி இடத்தைப் பிடித்து, கோப்பையையே தூக்கினார்கள். மூன்றாவது ஆள்னாலே முடியாதுன்னு இல்ல. ஆனா நேர்மையா ஒன்னு ஒத்துக்கணும், 59-0 பார்த்த கண்ணுக்கு 16-6 வேற மாதிரிதான் தெரியும்.

அப்புறம் டிசம்பர் 30, ஆரஞ்சு பௌல். ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3. பௌல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசம். 'பாத்தியா, கமிட்டி சொன்னது சரி'ன்னு ட்விட்டர் முழுக்க. இல்லைங்க. காயம், டிரான்ஸ்ஃபர், அடுத்து என்எஃப்எல் போகணும்கிற கவலைன்னு இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அன்னைக்கு ஆடவே இல்லை. கோப்பை வாய்ப்பு போன பிறகு யார் காலைப் பணயம் வைப்பார்கள்? அந்த 63-3, முடிவை நிரூபிக்கும் ஆதாரம் இல்லை, முடிவின் விளைவு. அலபாமா அரையிறுதியில் மிச்சிகனிடம் ஓவர்டைமில் 27-20 தோற்றது, அதுவும் எதையும் நிரூபிக்காது. மிச்சிகன்தான் சாம்பியன்.

2024-லிருந்து பிளேஆஃபுக்கு 12 டீம். அந்த வருஷ விதிப்படி, ரேங்கிங்கில் முன்னால் இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. அதாவது ஒருவழியாக ஒரு 201 எழுதி வைத்தார்கள். 2023-ல் இது இருந்திருந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட் கேள்வியே இல்லாமல் உள்ளே. சண்டை மட்டும் வரிசையின் கடைசிக்கு நகர்ந்திருக்கு. முதல் வருஷமே வாசலில் நின்று புலம்பியது யார் தெரியுமா? அலபாமா. நண்பர் அன்னைக்கு கேமராவை முதல் ஆளா ஆன் பண்ணினார். பெருசா சந்தோஷப்படவும் முடியலை, அந்த வருஷம் அவர் டீம் 12-ல் ஜெயித்தது இரண்டே ஆட்டம்.

ஜோர்டன் டிராவிஸ் அந்த அறிவிப்பு வந்த அன்றைக்கு ஒரு போஸ்ட் போட்டார். தன் கால் சீசனில் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கலாம், இந்த டீம் ஒரு குவார்ட்டர்பேக் மட்டும் இல்லை என்று அப்போதாவது எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்கிற அர்த்தத்தில். 2024 டிராஃப்டில் நியூயார்க் ஜெட்ஸ் அவரை எடுத்தது. கால் ஒத்துழைக்கவில்லை. 2025 ஏப்ரலில், ஒரு என்எஃப்எல் சீசன் ஆட்டத்தில்கூட இறங்காமல், ஓய்வை அறிவித்தார்.